மறு: கிரெடென்ஸ் = நம்புதகவு?

குழுவினருக்கு வணக்கம். மெய்யியல் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நம் பேச்சில், கிரெடென்ஸ் (credence, ஒருவர் ஒன்றை எந்த அளவுக்கு நம்புகிறார் என்பது) பற்றி வந்த இந்த யோசனைக்கு என் மறுமொழி:

> கிரெடென்ஸுக்கு ‘நம்புதகவு’ என்று வைக்கலாமே. நிகழ்தகவோடு இணைந்து வரும்.

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் அந்தத் ‘தகவு’தான் இடிக்கிறது. நம்புதகவு என்றால் ஒன்று எவ்வளவு நம்பத் தகுந்தது என்று பொருள்படும். கிரெடென்ஸ் அதுவல்ல; ஒருவர் அதை உள்ளபடி எவ்வளவு நம்புகிறார் என்பதுதான். குலுக்கலில் தன் சீட்டுத்தான் விழும் என்று முக்கால்வாசி நம்புகிறவருக்கும் அது உண்டு.

அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1980-இல் முன்வைத்த நெறி இதுதான்: ஒன்று நிகழ்வதற்கான சான்ஸ் (chance, யார் என்ன நம்பினாலும் மாறாமல் உலகிலேயே இருக்கும் வாய்ப்பு) இவ்வளவு என்று தெரிந்தால், நம் கிரெடென்ஸும் அவ்வளவே இருக்க வேண்டும். ‘தகவு’ என்று பெயரிலேயே சேர்த்துவிட்டால் அந்த ‘வேண்டும்’ வெறும் கூறியது கூறலாகிவிடும். அதனால் நான் ‘நம்பளவு’ என்கிறேன். பேச்சில் ‘நம்ம அளவு’ போலக் கேட்கும் என்று சென்ற மடலில் ஒருவர் சொன்னது சரிதான். ஆனாலும் எழுத்தில் குழப்பம் வராது.

சான்ஸுக்கு ‘வாய்ப்பளவு’. மழைக்கு வாய்ப்பு என்று தினமும் கேட்கிறோம், புதிதாக எதையும் பழக வேண்டாம். பொதுவான கணிதச் சொல்லாக நிகழ்தகவு இருக்கட்டும். இரண்டுக்கும் அதையே வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு காசைச் சுண்டிப் பாருங்கள். காசு விழுந்துவிட்டது, உள்ளங்கையால் மூடியிருக்கிறீர்கள். பூவா தலையா என்பது முடிந்துபோன சங்கதி. லூயிஸ் கணக்கில் தலையின் வாய்ப்பளவு இப்போது 1 அல்லது 0. உங்கள் நம்பளவோ இன்னும் பாதியிலேயே நிற்கிறது. ‘நிகழ்தகவு பாதி’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம்?

அப்புறம், லூயிஸ் தம் நெறிக்கு விலக்காகச் சொல்லும் inadmissible evidence-க்கு நாம் வைத்திருக்கும் ‘ஏற்கத்தகாத சான்று’. இதை மாற்றியே ஆக வேண்டும். நீதிமன்ற வாடை அடிப்பதோடு பொருளும் தலைகீழாகிறது. ஒரு காசின் முந்தைய 100 சுண்டல்களில் 86 தலை. ஆனாலும் இந்த முறை வாய்ப்பளவு 50 விழுக்காடுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த 86 உங்கள் நம்பளவை அசைக்கக் கூடாது என்கிறார் லூயிஸ். பழைய சுண்டல்கள் வாய்ப்பளவைப் பற்றி மட்டுமே பேசுகின்றன, அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆனால் சுண்டிய பிறகு நண்பர் விரலிடுக்கில் எட்டிப் பார்த்து ‘தலை’ என்றால்? அவரை நம்பத்தான் வேண்டும்! சுண்டும் முன் இருந்த பாதியைப் பிடித்துக்கொண்டிருப்பது மடமை. இந்தச் சான்றைப் போய் ஏற்கத்தகாதது என்றால் படிக்கிறவர் அதைத் தூக்கி எறியச் சொல்வதாக எடுத்துக்கொள்வார். வாய்ப்பளவைத் தாண்டி முடிவையே சொல்லிவிடுவதால் ‘மிஞ்சு சான்று’ என்கிறேன்.

ஆக, நெறி தமிழில் இப்படி வரும்: வாய்ப்பளவு தெரிந்து, மிஞ்சு சான்று எதுவும் கையில் இல்லையென்றால், நம்பளவு வாய்ப்பளவுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

நெறியின் பெயரான Principal Principle-க்குத் ‘தலையாய நெறி’ போதும் என நினைக்கிறேன். மூலத்தில் உள்ள சொல்விளையாட்டு தமிழில் வராது, வரவழைக்கவும் வேண்டாம்.