கலப்படத்தைப் பிடிப்பது ஆய்வகமா, கணக்குப் புத்தகமா?

தராசுமுள்:
உணவுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு செலவுக்குத்தான் அனுமதி: ஒன்று புது ஆய்வுக் கருவி, இல்லாவிட்டால் சப்ளையர்கள் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க இரண்டு ஆள். நான் ஆள் கட்சி. திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாங்கள் தேன் வாங்குகிறோம். கரும்புப் பாகோ மக்காச்சோளப் பாகோ கலந்திருந்தால் கார்பன் ஐசோடோப் சோதனை, அதாவது கார்பனின் கனமான வகைக்கும் லேசான வகைக்கும் உள்ள விகிதத்தை அளப்பது, காட்டிக்கொடுத்துவிடும். அந்த இரண்டு பயிரும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் ஒன்று, தேனீ போய் உட்காரும் செடிகளில் பெரும்பாலானவை செய்யும் விதம் வேறு, அதனால் அந்த விகிதமும் வேறு. தேனில் உள்ள புரதத்தின் கார்பன் விகிதத்தையும் தேனின் விகிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, அந்தப் பயிர்களின் சர்க்கரை 7 சதவீதத்தைத் தாண்டினால் கலப்படம். அருமையான சோதனைதான். ஆனால் ஏமாற்றுகிறவனும் அதைப் படித்தான். அரிசிப் பாகுக்கும் பீட் சர்க்கரைப் பாகுக்கும் மாறிவிட்டான். நெல்லும் பீட்டும் ஒளிச்சேர்க்கை செய்வது தேனீயின் செடிகள் மாதிரியே என்பதால் அந்தச் சோதனைக்குத் தெரியவே தெரியாது.

எந்தக் கருவி வாங்கினாலும் இதே கதைதான். கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைக்கிறோம்.

குடுவை:
நான் ஆய்வக ஆள், அதனால பாரபட்சம்னே வெச்சுக்கோங்க. 2013 ஜனவரியில அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டதை மறந்துட்டீங்களா? மாட்டிறைச்சி பர்கர் 27 வகைய டிஎன்ஏ சோதனை பண்ணாங்க, 10-ல குதிரை இருந்துச்சு. ஒண்ணுல மாட்டோட ஒப்பிட்டா 29 சதவீதம். யாரும் புகார் கொடுக்கல, யாருக்கும் உடம்புக்கு வரல. ஆய்வகம் தேடலைன்னா இன்னைக்கும் தெரிஞ்சிருக்காது. அப்புறம் ஐரோப்பா முழுக்கத் தோண்டினப்ப, ஒரு சங்கிலில ருமேனியாவுல குதிரைன்னே எழுதி அனுப்பின இறைச்சி, நடுவுல தரகர் கை மாறும்போது மாடா ஆயிருந்துச்சு. அத்தனை பேர்கிட்டயும் பில் இருந்துச்சு, முத்திரை இருந்துச்சு. உங்க ரெண்டு ஆள் போய் எந்த ஃபைலைப் புரட்டியிருப்பாங்க?

பழைய ஆடிட்டர்:
குடுவை சார் சொல்வது சரிதான், பாதிவரைக்கும். குதிரையைத் தேடிய சோதனை குதிரையைக் கண்டது. 2008-ல் சீனாவில் பால் பவுடரில் என்ன நடந்தது? புரதத்தை யாரும் நேரடியாக அளக்கவில்லை. நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது வழக்கம். 1883-ல் கெல்டால் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த முறைதான் இன்றும் அடிப்படை. பாலில் தண்ணீர் ஊற்றினார்கள், குறைந்த நைட்ரஜனை ஈடுகட்ட மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யும் வேதிப்பொருளைப் போட்டார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனை பாஸ். 6 குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அங்கே சோதனை ஏமாந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். எதைக் கலக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தச் சோதனைதான்.

குடுவை:
அதுக்கு முந்தின வருஷமே, 2007-ல, வட அமெரிக்காவுல நாய் பூனை தீவனத்துல சேர்த்த கோதுமைப் புரதத்துல அதே மெலமைன் பிடிபட்டுச்சுங்க. அதையும் கண்டுபிடிச்சது ஆய்வகம்தான். கோதுமைப் புரதத்துல போட்டவன் பால்ல போட மாட்டானான்னு யோசிக்க வேண்டியது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவங்க. மட்டமான தராசை வெச்சுக்கிட்டு எடை போடறதே தப்புன்னு சொல்றீங்க.

ஆடிட் பெருமையும் கொஞ்சம் பேசுவோம். 2008-09-ல அமெரிக்காவுல நிலக்கடலைத் தொழிற்சாலை விவகாரம், சால்மோனெல்லாங்கற கிருமி, 9 பேர் செத்தாங்க. சோதனை முடிவு வர்றதுக்கு முன்னாடியே நல்ல சான்றிதழோட சரக்கு போயிருக்கு. அந்த ஆலைக்கு வந்த ஆடிட்டர் போட்ட கிரேடு என்ன தெரியுமா? ‘மிகச் சிறப்பு’.

பழைய ஆடிட்டர்:
வருகிற தேதியைச் சொல்லிவிட்டுப் போகும் ஆடிட் அது. அதை ஆடிட் என்று நானும் சொல்ல மாட்டேன். அப்படிப் போனால் தரை ஈரமாக இருக்கும், ஃபைலில் பசை வாசனை அடிக்கும்.

சொல்லாமல் போன ஒரு தடவை. சர்க்கரை சேர்க்காத பழச்சாறு என்று விற்கிற ஆலை. கொள்முதல் ரிஜிஸ்டரில் அந்த மாதம் 6 டாங்கர். எல்லா பில்லும் ஒட்டியிருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது, வாட்ச்மேன் அறையில் ஒதுங்கினேன். மேஜையில் அவருடைய கேட் நோட்டு. சும்மா புரட்டினேன். அதே மாதத்தில் 9 டாங்கர். மூன்று வண்டிக்கு நேராகப் பென்சிலில் ‘பாகு’ என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு யாரும் பொய் சொல்லிக்கொடுக்கவில்லை, பாவம். அந்தச் சாற்றை அதற்கு முன் இரண்டு ஆய்வகம் பாஸ் பண்ணியிருந்தது.

வழிப்போக்கன்:
கருவியும் வேண்டாம் நோட்டும் வேண்டாம். பிடிபட்டவனை ஆயுசுக்கும் உள்ளே போட்டால் தானாகச் சரியாகும்.

பழைய ஆடிட்டர்:
தம்பி, அந்தப் பால் பவுடர் வழக்கில் 2009-ல் இரண்டு பேருக்கு மரண தண்டனையே நிறைவேற்றினார்கள். அடுத்த வருஷமே பழைய மெலமைன் பவுடர் மறுபடி சந்தையில் தலைகாட்டியது. மாட்டமாட்டோம் என்று நினைக்கிறவன் தண்டனையை எண்ணிப் பார்ப்பதில்லை.

சரக்குவரவு:
கொள்முதல் பிரிவிலிருந்து வருகிறேன். கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கேளுங்கள். எல்லாரும் சப்ளையரைத் திருடன் என்கிறீர்கள். ஒவ்வொரு காலாண்டும் விலையைக் குறை, குறை என்று எங்கள் கழுத்தைப் பிடிப்பது யார்? நாங்கள் அவன் கழுத்தைப் பிடிக்கிறோம். அவன் தண்ணீர் ஊற்றுகிறான்.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான், அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். விளைச்சல் படுத்துவிட்டது, ஊரெல்லாம் விலை ஏறுகிறது, ஒருத்தன் மட்டும் பழைய விலைக்கே கேட்ட அளவு தருகிறேன் என்கிறான். சந்தோஷப்படாமல் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மாதம்தான் எங்கள் ஆபீசில் அவனுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

தராசுமுள், உங்களுக்கு நிஜமாகவே யார் மேலாவது சந்தேகமா, இல்லை பொதுவான ஆதங்கமா?

தராசுமுள்:
சந்தேகம்தான். நீங்கள் சொன்ன அதே கதை. மற்ற மூன்று சப்ளையரும் கையை விரித்த பருவத்தில் இவர் மட்டும் அசரவில்லை. 18 லாட் வந்தது, 18 சோதனை அறிக்கையும் சுத்தம். நாங்கள் எடுத்த சாம்பிளும் பாஸ். ஆனால் லாரியில் கதவோரம் இருக்கிற டிரம்மைத்தான் எங்கள் ஆள் திறப்பார், உள்ளே ஏறுவதற்கு அவருக்கு முட்டி வலி. இதைச் சப்ளையரின் டிரைவரும் அறிவார்.

இன்னொன்று. ஐரோப்பிய ஆணையம் 2023-ல் வெளியிட்ட தேன் ஆய்வில் இறக்குமதியான 320 சாம்பிளில் 147 மேல் சந்தேகம் என்றார்கள். கவனியுங்கள், ‘சந்தேகம்’. அவ்வளவு பெரிய ஆய்வகங்களே அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டன. நான் ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு சப்ளையரிடம் என்ன சொல்வது?

குடுவை:
நிரூபிக்க வேண்டியது கோர்ட்டுல. வாங்காம இருக்கறதுக்கு சந்தேகமே போதும், அது உங்க பணம். சோதனை எங்க தோண்டணும்னு காட்டும், தோண்டறதுக்கு ஆள் வேணும்னா அதுல எனக்குச் சண்டை இல்ல. தோண்டற ஆள் இருந்தா போதும்னு சொல்றதுலதான் சண்டை.

முட்டி வலிக்கு முதல்ல ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுங்க. நடு டிரம், அடி டிரம், நீளமான குழாய் விட்டு மேல கீழ ரெண்டு இடத்துலயும் எடுக்கணும்.

அந்த 18 அறிக்கைல சர்க்கரை வகையப் பிரிச்சுக் காட்டற கிராஃப் இருக்கா? முடிவு எண் வேண்டாம். கிராஃப் மட்டும், பெயரை மறைச்சுட்டுப் போடுங்க.

தராசுமுள்:
போட்டிருக்கிறேன். ஸ்கேன் மங்கலாக இருந்தால் மன்னிக்கவும்.

குடுவை:
6-ஐயும் 13-ஐயும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. பீக்கை, அதாவது கோடு உயர்ந்து நிக்கற உச்சியைப் பார்க்காதீங்க, நல்ல தேன் ரெண்டு ஒரே மாதிரி வரலாம். பீக்குக்கு நடுவுல இருக்கற தட்டையான கோட்டைப் பெருசாக்கிப் பாருங்க. சின்னச் சின்ன நடுக்கம் தெரியுதா? அது கருவியோட இரைச்சல். ஒரே பாட்டில்ல இருந்து ரெண்டு தடவை ஓட்டினாக்கூட அது அச்சு அசலா ஒண்ணா வராது. இதுல ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒண்ணு. ஒரே ஓட்டத்தோட படம், தேதியும் லாட் எண்ணும் மாத்தியிருக்காங்க. 17-உம் அப்படித்தான்னு தோணுது, ஸ்கேன் தெளிவா இல்ல.

பழைய ஆடிட்டர்:
இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியிருக்கவில்லையே சார்.

குடுவை:
அந்த நடுக்கத்தை இருபது வருஷம் பார்த்த கண்ணு வேண்டியிருந்துச்சு, ஐயா. அதுவும் ஆய்வகத்துல கிடைச்சதுதான்.

சரக்குவரவு:
சண்டை இருக்கட்டும். தராசுமுள், அறிக்கையில் இருக்கும் ஆய்வகத்துக்கு நீங்களே நேரடியாகப் பேசுங்கள், சப்ளையர் கொடுத்த நம்பரில் வேண்டாம். மூன்று அறிக்கை எண்ணையும் சொல்லி, இப்படி ஒன்று கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அடுத்த லாரி எப்போது?

தராசுமுள்:
வியாழக்கிழமை. ஆனால் நான் புதன்கிழமையே அங்கே போய் நிற்கப் போகிறேன். கேட் நோட்டு யார் மேஜையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.