இகுவானா கூட்டுக்கு ஹீட்டர்

குலசேகரம் தம்பி: இகுவானா கூட்டுக்கு ஹீட்டர் வாங்கப் போகிறேன். சூடு மட்டும் தருகிற 150 வாட் செராமிக் பல்பு போதும், சூட்டைப் பார்த்துத் தானே அணைத்துப் போடுகிற தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அத்தை: ஃபேன் இல்லாமல் நமக்கே உட்கார முடியவில்லை. ஓணானுக்கு ஹீட்டரா!

குவைத் அண்ணன்: அத்தை, அது தென் அமெரிக்கக் காட்டுச் சீவன். வெயில் காய்ந்தால்தான் தின்ற இலை செரிக்கும்.

தக்கலை மாமா: மக்களே, தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை மாட்டாதே. ஆடிச் சாரலில் சரி, பங்குனியில் கூடு அடுப்பாகிவிடும். முதலில் தெர்மோஸ்டாட் கண்ட்ரோலர் வாங்கு. நான் கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியில் போட்டிருக்கிற எஸ்டிசி-1000 மாடலே உனக்கும் போதும். அதில் இரண்டு ரிலே, அதாவது தானே போட்டு அணைக்கிற சுவிட்ச், உண்டு. ஒன்றில் செராமிக், மற்றதில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். 27 டிகிரி, வித்தியாசம் 2 என்று வை. 25-க்கு இறங்கினால் ஹீட்டர் ஓடும், 27-இல் நிற்கும். 29-க்கு ஏறினால் ஃபேன் ஓடும்.

குலசேகரம் தம்பி: வெயில் காய 35 டிகிரி வேண்டுமாமே மாமா?

குவைத் அண்ணன்: அது ஒரு மூலையில் மட்டும். அங்கே ஸ்பாட் பல்பு போட்டு, டைமரில் பகலுக்கு மட்டும் எரியவிடு. உயரத்தை ஏற்றி இறக்கிச் சூட்டைச் சரிசெய். அந்த பல்பை எஸ்டிசியில் கொடுக்காதே, அணைந்து அணைந்து எரிந்து சீக்கிரம் போய்விடும். எஸ்டிசி சென்சார் பல்புக்கு எதிர்ப்பக்கம், இகுவானா ஏறி உட்காருகிற உயரத்தில் இருக்கட்டும். புற ஊதாக் கதிர் தருகிற யுவிபி டியூப் தனி. நடுவில் கண்ணாடி வந்தால் அது வீண்.

தக்கலை மாமா: செராமிக்குக்குப் பீங்கான் ஹோல்டர்தான், பிளாஸ்டிக் உருகிவிடும். சுற்றிலும் கம்பி வலை கட்டு. வெளிச்சம் வராது, சூடு தெரியாமல் ஏறி வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். 150-உம் வேண்டாம், 100 போதும். என்றாவது ரிலே அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து குறைவு.

குலசேகரம் தம்பி: கூட்டை மாடியில் தகர ஷீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்கிறார் அப்பா.

தக்கலை மாமா: அய்யோ, வேண்டாம். அறைச் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனும் இறக்காது. கீழே காற்றோட்டமான இடத்தில் வை. உங்கள் அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

குவைத் அண்ணன்: அப்புறம் தம்பி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாயா? 2024 விதிப்படி இகுவானாவுக்கு அது வேண்டும்.

குலசேகரம் தம்பி: விண்ணப்பம் போட்டாச்சு அண்ணா.

அத்தை: கரண்ட் பில்லை யார் கட்டுவது?

தக்கலை மாமா: 100 வாட் பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் ஒரு யூனிட். என்னிடம் ஒரு எஸ்டிசி சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் மக்களே. வயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்.