இரணைமடுவின் மாலை வெயில் படத்தில் வெளிறுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். இரணைமடுக் குளக்கட்டில் நின்று மாலை வெயிலைப் படமெடுக்கும்போது, கண்ணுக்குப் பொன்னாகத் தெரிகின்ற நீரும் கிரவல் வீதியும் படத்தில் வெளிறிப்போகின்றன. படத்துக்கு இளமஞ்சள் சேர்க்கின்ற 81ஏ பில்டர் பொருத்தியும் நிறம் மாறவில்லை. காரணம் என்ன?

மறுமொழி:
உங்கள் கமராவின் வைட் பேலன்ஸ், அதாவது எந்த ஒளியிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்கின்ற அமைப்பு, ஓட்டோவில் இருக்கக்கூடும். அது வெயிலின் பொன்னிறத்தைக் குறையென எடுத்துக்கொண்டு சமன்செய்வதோடு, பில்டர் சேர்க்கின்ற மஞ்சளையும் பெரும்பாலும் நீக்கிவிடும். பகலொளிக்கு, அதாவது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் ஏறத்தாழ 5500 கெல்வினுக்கு மாற்றுங்கள். இன்னும் செம்பொன் நிறம் வேண்டுமாயின் மேகமூட்டத்துக்குரிய தெரிவை வையுங்கள்.

இன்னொரு மறுமொழி:
கமரா பதிவுசெய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கின்ற ரோ கோப்பாக எடுத்தால் வைட் பேலன்ஸைப் பின்னரும் திருத்தலாம் என்பதால், இதற்கென்று பில்டர் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் திருத்தும்போது பொன்னிறம் அளவு மீறினால் வயலில் நிற்கும் வெண்கொக்கும் மஞ்சளாகிவிடும். அதன் இறகைப் பார்த்தே அளவை முடிவுசெய்யுங்கள்.