ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு வெற்றிலைச் சாறு: சரியா?

தேக்காவாசி:
மாமியாருக்குச் சிறுநீர்த் தொற்று. ஏழு நாளுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். வீவக அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் தொட்டியில் வளர்க்கும் வெற்றிலையை அரைத்துச் சாறு குடிக்கிறார். கிருமியைக் கொல்லும் என்று ஆய்வே இருக்கிறதாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

கீரைக்காரன்:
ஆய்வு இருப்பது உண்மைதான். வெற்றிலையின் ஹைட்ராக்ஸிசாவிகால், துளசியின் யூஜெனால் ஆகிய வேதிப்பொருள்கள் இரண்டும் பாக்டீரியாவை அடக்குகின்றன. மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினினே ஒரு செடியிலிருந்து வந்ததுதான். அதற்காகத்தான் சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் கிடைத்தது. நம் பாட்டிமார் ஒன்றும் தெரியாமலா செய்தார்கள்?

ஆய்வகத்தில் வேலை:
அண்ணே, அந்தச் சோதனையை நானே செய்திருக்கிறேன். கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, இலைச் சாறு ஏற்றிய 6 மி.மீ. காகித வட்டை மேலே வைத்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி விடுவோம். காலையில் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்துக் கெட்டியாக்கியது, கிருமிமேல் நேரே உட்கார்ந்திருக்கிறது. குடிக்கிற சாறு குடல், கல்லீரல் தாண்டிச் சிறுநீரில் எவ்வளவு போய்ச் சேரும்? இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, லேசில் மடியாது. தூ யூயூவும் கஷாயம் கொடுக்கவில்லை. சூட்டில் வீரியம் போகிறது என்று கண்டு ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தார்.

தேக்காவாசி, மருந்து நின்றதை இன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள். காய்ச்சலோ விலாப்பக்க வலியோ இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

கீரைக்காரன்:
நிறுத்தியது தப்பு. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆன்டிஆக்சிடன்ட்? முருங்கைக்கீரையில் குவெர்செட்டினும் வைட்டமின் சியும் இருக்கிறதே, அதுவும் பொய்யா?

ஆய்வகத்தில் வேலை:
பொய்யில்லை. ஆன்டிஆக்சிடன்ட் சோதனைக்கான டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் முருங்கைச் சாறு விட்டால் ஊதா மஞ்சளாகும், கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அது குழாய்க்குள் நடப்பது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை இப்படிக் குழாயில் அளந்து போட்ட ஓராக் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. கீரையைச் சோற்றோடு நன்றாகச் சாப்பிடுங்கள். நானும் வாரம் இரண்டு முறை பொரியல் செய்கிறேன். மருந்துக்குப் பதிலாக மட்டும் வைக்காதீர்கள்.

புளோக் அக்கா:
அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனம். கீரையில் வைட்டமின் கே அதிகம். ஒரு வாரம் தினமும், மறுவாரம் கிடையாது என்றால் மருந்தின் அளவு தப்பிப்போகும். என் அப்பாவுக்குக் கீரையை நிறுத்தவில்லை, எல்லா வாரமும் ஒரே அளவில் கொடுக்கிறோம்.

தேக்காவாசி:
எல்லோருக்கும் நன்றி. காய்ச்சல் இல்லை. அந்த அகார் தட்டு விஷயத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் குடிச்சது அங்க போயே சேரலையா?" என்று கேட்டார். மாலை 4 மணிக்குக் கிளினிக் போகிறோம், மிச்ச மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு.