டெல்டாவில் நீர்நாய் வழித்தடங்களை வரைபடமாக்குவது எப்படி?

கேள்வி (ஆய்வு மாணவி, மன்னார்குடி):
வணக்கம். வடுவூர் ஏரி முதல் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீர்நாய்கள் நடமாடக்கூடிய வழித்தடங்களை வரைந்து, மாவட்டத் திட்டமிடலுக்குப் பயன்படும்படி தர விரும்புகிறேன். செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலப்பயன்பாட்டைப் பிரித்து, கடப்பதற்குள்ள சிரமத்துக்கேற்ப ஒவ்வொரு வகைக்கும் ஒரு தடை மதிப்புக் கொடுத்து, தடை மிகக் குறைந்த பாதையைக் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் கணக்கிட்டேன். அது வயல்களுக்குக் குறுக்கே நேர்கோடாக ஓடுகிறது. இதை நம்பலாமா?

மறுமொழி (புவித்தகவல் பணியாளர், தஞ்சாவூர்):
நம்ப வேண்டாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். மூன்று, நான்கு மீட்டர் அகலமுள்ள கிளை வாய்க்கால் அதில் வயலோடு வயலாகக் கரைந்துவிடும். நீர்நாய்க்கோ அந்த வாய்க்கால்தான் சாலை. ஆகவே பாமணியாறு, கோரையாறு தொடங்கி வடிகால்கள் வரை நீர்வழிகளைத் தனிக் கோடுகளாக வரைந்து, அவற்றுக்குக் குறைந்த தடை மதிப்பைக் கொடுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், நீர் ஓடும் காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என இரண்டு வரைபடங்கள் கட்டாயம் தேவை. கோடையில் வற்றாத மடுக்களும் குளங்களுமே புகலிடம். மேலும், ஒற்றைப் பாதையோடு நிறுத்தாமல் சர்க்யூட்ஸ்கேப் என்ற மென்பொருளிலும் ஓட்டிப் பாருங்கள். நிலப்பரப்பை மின்சுற்றாகக் கருதும் அம்முறை எல்லா மாற்று வழிகளையும் காட்டுவதோடு, அவை ஒடுங்கிச் சேரும் இடங்களையும் காட்டும். முதலில் காப்பாற்ற வேண்டியவை அந்த ஒடுக்கங்களே.

மறுமொழி (விவசாயி, திருத்துறைப்பூண்டி வட்டம்):
மகளே, கரையின் நிலையையும் வரைபடத்தில் சேர்த்துக்கொள். எங்கள் பகுதியில் ஆற்று நீரைத் திருப்பிவிடும் ரெகுலேட்டரை ஒட்டிய மண்மேட்டில் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த நீர்நாய் எச்சத்தைப் பார்க்கலாம். கோரையும் நாணலும் அடர்ந்த கரை அருகிலேயே இருக்கும். இருபுறமும் செங்குத்தாகக் கான்கிரீட் போட்ட இடத்தில் அந்த அடையாளமே இல்லை. தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, ஏறி ஒதுங்கக் கரை வேண்டும். அணை திறப்பதற்கு முன் தூர்வாரும் பணி நடக்கும். நீ கண்டறியும் ஒடுக்கங்களில் மட்டுமாவது ஓராண்டு ஒரு கரை, மறு ஆண்டு மறு கரை என்று புதர்களை விட்டுவைத்துத் தூர்வாரும்படி வரைபடத்தோடு ஒரு பரிந்துரையும் கொடு. கடைமடைக்குத் தண்ணீர் வருவதும் அதனால் தடைபடாது.