சிங்கிங் கௌபாய்: ‘பாடும் இடையன்’ பொருந்துமா?

வணக்கம்.

பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களில் பாட்டுப் பாடிக்கொண்டே வரும் நாயகனை ஆங்கிலத்தில் ‘சிங்கிங் கௌபாய்’ என்பார்கள். அதற்குத் தமிழாக ஐயா முன்வைத்த ‘பாடும் இடையன்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு சொல்லுமே எனக்கு உறுத்துகின்றன.

முதலில் இடையன். இந்த வகை நாயகர்களில் பெயர்பெற்ற ஜீன் ஆட்ரி தன் படங்களில் பெரும்பாலும் ஜீன் ஆட்ரி என்ற பெயரிலேயே வருவார். சிகாகோ வானொலியில் பாடிப் பெயர் வாங்கியவர். மாடு மேய்ப்பது கதையில் ஓரமாக நடக்கும், அவ்வளவுதான். கோவலர் என்ற சங்கச் சொல்லும் அழகுதான். ஆனால் அதைக் கேட்டதும் முல்லை நிலத்துக் குழல்தான் நினைவுக்கு வருகிறது, கிட்டாரும் துப்பாக்கியும் வரவில்லை. கௌபாய் என்பதோ ஜெய்சங்கர் படங்களாலும் முத்து காமிக்ஸாலும் நமக்கு எப்போதோ பழகிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

‘பாடும்’ என்பதுதான் பெரிய சிக்கல். 1933-ல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் பாடகரல்லாத நடிகர் ஜான் வெய்ன்கூடப் பாடுகிறார். வாயசைப்பு அவருடையது, குரல் வேறொருவருடையது. ‘பாடும்’ என்றால் அவரும் இதில் அடங்கிவிடுவார். ஆனால் இந்த வகையை நிலைநிறுத்தியது தொழில்முறைப் பாடகர்கள். 1935-ல் ரிபப்ளிக் படநிறுவனம் ஆட்ரியை வைத்து எடுத்த ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ படத்தின் தலைப்பே பாப் நோலன் எழுதிய பாட்டின் பெயர். 1938-ல் ஒப்பந்தத் தகராறில் ஆட்ரி வராமல் போனபோது, அந்த இடத்துக்கு ரிபப்ளிக் கொண்டுவந்த ராய் ரோஜர்ஸும் ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ குழுவில் பாடியவர். பாடகர் போன இடத்துக்கு இன்னொரு பாடகர்! அதனால் தொழிலைச் சொல்லும் ‘கார’ விகுதி வேண்டும்: பாட்டுக்காரக் கௌபாய். பாட்டுக்காரன், மாட்டுக்காரன் என்று நாம் ஏற்கெனவே பேசும் பேச்சுதானே.

அப்புறம், இவர்கள் நடித்த சிறு கௌபாய் படங்களைக் குறிக்கும் ‘பி வெஸ்டர்ன்’ என்பதை ‘மலிவுப்படம்’ ஆக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டிய காலத்தில் இரண்டாவதாக ஓடியது என்பதுதான் அந்த ‘பி’. துணைப்படம் என்போம். செலவு குறைவு என்பது உண்மை, பாட்டுக்கு அங்கே இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். குதிரைத் துரத்தல் எடுக்க ஆளும் குதிரையும் நிறைய வேண்டும். இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட ஒரு கிட்டார் போதும், மூன்று நிமிடம் ஓடிவிடும். அந்த மூன்று நிமிடத்துக்காகவே மக்கள் கொட்டகைக்கு வந்தார்கள். அதை மலிவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘பாட்டுக்காரக்’ என்பதில் வரும் ஒற்று சிலருக்கு இடறலாம். வேலைக்காரப் பெண் என்று எழுதுகிறோம் அல்லவா, அதே புணர்ச்சிதான்.