மலைக்குளிரில் கான்டாக்ட் லென்ஸ் சொல்யூஷன்: பார்த்ததும் பழகியதும்

ஊட்டி, கண் பரிசோதகர்:
டிசம்பர் வந்தால் "லென்ஸ் போட்டதும் எரியுது, பனிதான் காரணம்" என்று வருகிறவர்கள் அதிகம். பனிக்காற்றும் ரூம் ஹீட்டரும் கண்ணை உலர்த்தும், மறுக்கவில்லை. அந்த உலர்ச்சி சாயங்காலம் ஆக ஆகக் கூடும். போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் உறுத்தி, மதியத்துக்குள் தணிந்தால், லென்ஸை ராத்திரி ஊறவைக்கும் சொல்யூஷனைச் சந்தேகப்படுங்கள். லென்ஸைக் கழற்றி, ஃப்ளூரசின் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் புள்ளிப் புள்ளியாகப் பச்சை தெரியும். சொல்யூஷனில் இருக்கும் பாலிஹெக்ஸனைடு போன்ற கிருமிநாசினி ராத்திரி முழுக்க லென்ஸுக்குள் ஊறி, காலையில் கண்ணுக்குள் கசிகிறது. சிலிகான் ஹைட்ரோஜெல் என்ற மென்மையான லென்ஸ் சிலவற்றுக்கும் சில சொல்யூஷனுக்கும் ஒத்தே வராது. பலருக்கு வேறு சொல்யூஷன் மாற்றினாலே சரியாகிறது.

குன்னூர், கண்ணாடிக் கடை:
அப்படி மாற்றிப் பெராக்சைடு சொல்யூஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கூடவே வரும் உயரமான டப்பாவில் பிளாட்டினம் பூசிய வட்டு இருக்கும். அதுதான் பெராக்சைடைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைக்கிறது. முழுசாக உடைய 6 மணி நேரம் ஆகும். குமிழி கிளம்பவில்லையா, வட்டு செத்துவிட்டது. வழக்கமான தட்டை டப்பாவில் ஊற்றினால் விடிந்தாலும் அது பெராக்சைடாகவே இருக்கும், கண்ணைப் பொசுக்கிவிடும். அப்படி ஆனால் உடனே லென்ஸைக் கழற்றி, சலைனோ (கிருமி நீக்கிய உப்புநீர்) சுத்தமான தண்ணீரோ விட்டு நிறையக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். டப்பாவைப் படுக்கவைத்தால் மூடித் துளை வழியே ஒழுகும், ஆகவே பஸ் பயணத்தில் ஊறப்போட வேண்டாம்.

இன்னொன்று: மேட்டுப்பாளையத்தில் திறந்து மூடிய பாட்டிலை மேலே வந்து திறந்தால் பீச்சியடிக்கும். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிற அதே கதை.

கொடைக்கானல், லென்ஸ் போடுகிறவர்:
எனக்கு லென்ஸ் ஊறவைக்கும் டப்பாதான் பெரிய வில்லன். அக்டோபர், நவம்பரில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், கவிழ்த்த டப்பா காயவே காயாது. பழைய சொல்யூஷனைக் கொட்டி, புதிதால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் உள்ளே துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். 3 மாதத்துக்கு ஒரு டப்பா.

பழசின் மேலேயே புதிதை ஊற்றிக்கொள்வது சிக்கனம் இல்லை. 2006இல் ரெனு மாய்ஸ்ச்சர்லாக் என்ற சொல்யூஷன் ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்றாலும், 2007இல் கம்ப்ளீட் மாய்ஸ்ச்சர்பிளஸ் என்ற சொல்யூஷன் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரியின் தொற்றாலும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இரண்டிலுமே இந்தப் பழக்கம் ஆபத்தைக் கூட்டியது.

ஊற்றுத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே என்று லென்ஸை அலசுகிறவர்களும் உண்டு. அகந்தமீபா தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. தன்னைச் சுற்றி அது கட்டிக்கொள்ளும் கெட்டியான கூட்டுறை குளோரினுக்கே அசையாது. வெறும் சலைனும் கிருமியைக் கொல்லாது, அலச மட்டும்தான்.

ஊட்டி, கண் பரிசோதகர்:
நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்த கையை ஒருமுறை கழுவினால் போதாது. லென்ஸில் ஒட்டினால் எந்தச் சொல்யூஷனும் எடுக்காது, அந்த ஜோடியைத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, லென்ஸைக் கழற்றியும் சிவப்பு குறையாமை இருந்தால் அன்றைக்கே கண் டாக்டர். டப்பாவைக் கழுவாமல் லென்ஸோடு அப்படியே எடுத்துப்போங்கள். அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க முடியும்.